அய்யாவுக்கு வைத்த சூடு

எட்டு வயது முடியும் வரை என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் என் மகள் நம்புவதில்லை. கண்ணாடிகூட இல்லாத வீடா என்று கேட்கிறாள். கண்ணாடி இருந்தது. பெரியம்மாவின் தகரப் பெட்டியில், பட்டுச் சேலைக்கும் பாச்சை உருண்டைக்கும் நடுவில், மரச் சட்டம் போட்ட ஒரு கைக்கண்ணாடி. பெட்டிக்குப் பூட்டு இருந்தது. சாவி பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. ஒருமுறை அவள் தலை வாரும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டேன். "ஒன் மூஞ்சிய நீ வேற பாக்கணுமாக்கும்? நாங்க பாத்துப் படுத பாடு போராதா?" என்று சொல்லி, சீப்பாலேயே முழங்கையில் ஒன்று வைத்தாள்.

வேறு வழி தேடாமல் இல்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் கறுப்பாக ஒரு தலை தெரியும், அவ்வளவுதான். குடத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது அதில் ஒரு முகம் வரும். பூசணிக்காய் போல அகன்று, கண்கள் இரண்டும் காதுப் பக்கம் ஒதுங்கியிருக்கும். அதுதான் நான் என்று நினைத்து, பெரியம்மா சொல்வதில் தப்பொன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

நாஞ்சில் நாட்டில் வயலும் குளமுமாக இருந்த ஓர் ஊர் அது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். குமரி இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கு ஏலமலையில் தோட்ட மேற்பார்வை வேலை. அட்டையும் குளிருமான அந்த மலைக்கு இவ்வளவு சின்னப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்று, தன் அண்ணன் வீட்டில் என்னை விட்டார். "பாத்துக்கிடுங்க மைனி" என்று அவர் சொன்னதும், "நான் பெறாத மகளாக்கும். நீங்க கவலப்படாம போங்க" என்று பெரியம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பா தெருமுக்குத் திரும்பும் வரை நான் அந்த இடுப்பில்தான் இருந்தேன். பிறகு இறக்கிவிட்டாள். அப்புறம் ஏற்றவில்லை.

அந்த நாலு வருஷத்தை அடுக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சிலதை மட்டும் சொல்கிறேன். எல்லாரும் உண்டு எழுந்த பிறகுதான் எனக்குச் சோறு, மிச்சம் இல்லாத நாளில் கஞ்சித்தண்ணீர். பேன் பிடித்திருக்கிறது என்று சொல்லி, தலையை ஒட்ட ஒட்ட வெட்டிவிடுவாள். கிள்ளுவது எல்லாம் தொடையில், பாவாடை மறைக்கும் இடத்தில். அதில் அவள் கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது நான் எதிரே வரக்கூடாது, மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட வேண்டும். நான் தாயைத் தின்றவள், மூதேவி, என் கண் பட்டால் விளக்கு நிற்காது. பெரியம்மாவோ தினமும் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் பச்சைத்தண்ணீர் பல்லில் படவிடுவாள்.

பெரியப்பா ஒரு சொல் அதிர்ந்து பேசாதவர், நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். வீட்டுக்குள் என் அழுகை கேட்டால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அந்த நாலு வருஷத்தில் எங்கள் வயலுக்குக் கிடைத்த கவனிப்பு நாஞ்சில் நாட்டில் வேறு எந்த வயலுக்கும் கிடைத்திருக்காது.

கன்னத்தில் சூடு விழுந்தது ஒரு துண்டு கருப்பட்டிக்காக. பெரியம்மாவின் மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு மருந்து கிண்டப் பானை நிறையக் கருப்பட்டி வாங்கி வைத்திருந்தார்கள். பசி பொறுக்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடைவாயில் ஒதுக்கினால் தெரியாது என்று நினைத்தேன், கன்னம் உப்பிக் காட்டிக்கொடுத்துவிட்டது. பெரியம்மா தோசைச் சட்டுவத்தின் காம்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உப்பிய அந்தக் கன்னத்திலேயே வைத்தாள். மறைவான இடம் பார்த்தே கை வைத்துப் பழகியவள், அன்று கோபத்தில் இடம் தவறிவிட்டாள். கோபம் இறங்கியதும் அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். என்னை முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தினாள்.

"ஆரு கேட்டாலும் என்ன சொல்லணும்?"

"அடுப்புல விழுந்தேன்."

"எப்பிடி விழுந்த?"

"தடுக்கி."

பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள், சொன்னேன். பெரியப்பா அப்பாவுக்கு எழுதிய கடிதத்திலும் அடுப்புதான் போயிற்று. சொல்லிச் சொல்லி, தடுக்கியது எந்தக் கால் என்பதுகூட எனக்கு நினைவுக்கு வர ஆரம்பித்திருந்தது. புண் ஆறியபின் விரலால் தடவினால் ஒரு புளியங்காய் நீளத்துக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படும். தடவத்தான் முடியும், பார்க்க முடியாதே.

அந்தக் கருப்பட்டியைக் கொண்டுவந்து விற்கிறவளை எங்கள் வீட்டில் 'கருப்பட்டி' என்றே கூப்பிடுவார்கள். நானும் என் அம்மா வயதுக்காரியை "ஏட்டி கருப்பட்டி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அக்கா என்று எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு மணி நேரம் நடந்தால், வட்டக்கோட்டைக்கு இப்பால், பனங்காட்டுக்குள் அவள் ஊர். தலையில் பனையோலைக் கடவப்பெட்டியோடு வந்து முற்றத்து ஓரத்தில் இறக்குவாள். அதற்கு இப்பால் வரமாட்டாள். தண்ணீர் கேட்டால் பெரியம்மா எட்ட நின்று செம்பைச் சரிப்பாள், அவள் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பாள். அந்த நாளைய வழக்கம் அப்படி. அதில் அநியாயம் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, குடித்தவர்களைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்தபோது பெட்டியில் கருப்பட்டி தீர்ந்திருந்தது. மருந்துக்கு இன்னும் வேண்டும் என்றாள் பெரியம்மா. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள் அக்கா.

"நீ ஒருத்தி எவ்வளவு கொண்டாருவ? இவளக் கூட்டிட்டுப் போ. அங்கண கெடக்கட்டும். நாளைக்கு ரெண்டுபேருமாச் சொமந்துட்டு வாங்க."

நம் வீட்டுப் பிள்ளை அங்கே போய்த் தங்குவதா என்று பெரியப்பா மெல்ல இழுத்தார். "இவளுக்கு என்ன தீட்டு வந்துரப்போவுது? இவளே ஒரு தீட்டு" என்றாள் பெரியம்மா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வழியில் அக்கா என் கன்னத்தைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பில் விழுந்தேன் என்றேன். எப்படி என்றாள். தடுக்கி என்றேன். ஒரு பனையடியில் நின்றவரிடம் சொல்லி, ஓலைப் பட்டை நிறையப் பதனீர் வாங்கித் தந்தாள். குடித்து முடித்ததும் இன்னொரு பட்டை வாங்கித் தந்தாள். கேட்காமலே இரண்டாவது முறை ஒரு பொருள் கிடைத்தது அந்த நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

உச்சி வேளைக்கு அவள் ஊர் போய்ச் சேர்ந்தோம். பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த ஒரு கட்டடத்தின் முன்னால் ஊரே கூடியிருந்தது. நிழல் தாங்கல் என்றார்கள். அவர்கள் அய்யா வழிக்காரர்கள், அது அவர்கள் கும்பிடும் இடம். முதலில் என்னை வாயடைக்க வைத்தது அங்கே நின்ற ஆண்கள். சட்டையில்லாத மேனி, பனையில் உரசி உரசிக் காய்த்துப்போன மார்பு, தலையில் மட்டும் தலைப்பாகை. மகாராஜா ஒருவர்தான் தலைப்பாகை கட்டுவார் என்று நான் நினைத்திருந்தேன். இங்கே ஊர் முழுக்க மகாராஜாக்கள் நின்றார்கள்.

வாசலில் நின்றுவிட்டேன்.

"உள்ள வா மக்கா."

"நான் வரப்பிடாது."

"என்னத்துக்கு?"

"நான் மூதேவி. நான் வந்தா வெளக்கு அணைஞ்சு போவும்."

அக்கா சிரிக்கவும் இல்லை, ஐயோ பாவம் என்று சொல்லவும் இல்லை. "அணைஞ்சா மறுபடியும் பொருத்திக்கிடலாம். எண்ண நெறைய இருக்கு" என்றாள்.

உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்டேன். அய்யா இருக்கிறார் என்றாள். "நேரே போயி நின்னு பாரு. ஆரு நின்னு பாத்தாலும் தெரிவாரு."

அங்கே பூசாரி கிடையாது. பணிவிடை செய்கிறவர் என்று ஒருவர் இருந்தார். அவரும் பனையேறிதான். வெள்ளைத் திருமண்ணை விரலில் தொட்டு, என் புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி நெற்றியில் ஒரு நாமம் இழுத்தார். அதற்கு முன் என் தலைப்பக்கம் வந்த விரல்கள் எல்லாம் குட்டுவதற்காக வந்தவை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "தொறந்து பாரு மக்கா" என்றார் அவர்.

எனக்குத் தெரிந்த கோயில் வேறு மாதிரி. தூரத்தில் இருட்டு, இருட்டுக்குள் கல், நடுவில் பெரியவர்களின் முதுகுகள். இங்கே முதுகுகள் விலகி வழி விட்டன. எதிரே கல்லும் இல்லை, படமும் இல்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம், அதற்குக் காவித் துணியும் மாலையும் சாத்தியிருந்தார்கள். சட்டத்துக்குள்ளே ஒருவர் நின்றார்.

சின்னப் பிள்ளையாக இருந்தார். ஒட்ட வெட்டிய தலை, மெலிந்த கழுத்து, நெற்றியில் சுடர் போல வெள்ளை நாமம். இரண்டு விளக்கின் வெளிச்சமும் முகத்தில் விழ, பெரிய கண்களால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாங்கல்களில் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அது கண்ணாடி என்று உனக்குத் தெரியாதா என்று மகள் கேட்கிறாள். தெரிந்தது. நான் கை கூப்பியபோது அங்கேயும் கை கூப்பியது. அது நான்தான் என்று தெரிந்தது. அது அய்யா என்றும் தெரிந்தது. உள்ளே அய்யா இருக்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள், பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. எட்டு வயதில் இரண்டையும் ஒரே சமயத்தில் நம்புவதில் ஒரு சிரமமும் கிடையாது. இன்றைக்குத்தான் அதை விளக்க நான் திண்டாடுகிறேன்.

பூசணிக்காயைக் காணவில்லை. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எனக்குச் சிலிர்த்தது. அவ்வளவு அழகான ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதில் தற்பெருமை ஒன்றும் இல்லை. சாமியைப் பார்த்தால் அழகாகத்தானே இருக்கும். ஓரக்கண்ணால் விளக்குகளையும் பார்த்தேன். அணையவில்லை. இரண்டும் நின்று எரிந்தன.

பிறகுதான் கன்னத்தைப் பார்த்தேன்.

கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை, செந்நிறமாய், தோல் சுருங்கிப் பளபளக்கும் ஒரு கோடு. யாரோ அய்யாவுக்குச் சூடு வைத்திருக்கிறார்கள். என் கன்னத்தில் இருந்தவரை அது எனக்கு வலியாக இருந்திருக்கிறது, அவமானமாக இருந்திருக்கிறது, கோபமாக ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு வைத்தால் அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன். அங்கே அந்த முகத்தில் அதைப் பார்த்ததும் வயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. எனக்கு இருக்கிறதென்றே தெரியாத ஒரு குரலில் கத்தினேன்.

"அய்யாக்கு ஆரு சூடு வச்சா?"

அய்யாவின் படிப்பை ராகத்தோடு பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பணிவிடைக்காரர் என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

"நீ சொல்லு மக்கா. ஆரு வச்சா?"

"எங்க பெரியம்ம. சட்டுவத்தப் பழுக்கக் காய்ச்சி வச்சா. கருப்பட்டி எடுத்ததுக்கு."

அடுப்பு என் வாயில் வரவே இல்லை. காரணம் எளிது. எனக்கு எப்படிச் சூடு பட்டது என்று கேட்டால் சொல்ல வேண்டியதைப் பெரியம்மா சொல்லித் தந்திருந்தாள். அய்யாவுக்கு எப்படிப் பட்டது என்று கேட்டால் சொல்ல வேண்டியதை அவள் சொல்லித் தரவில்லை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவ்வளவு தூரம் யோசிக்க முடியுமா?

அன்று எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் வரிசை, முதல் பந்தி, பிள்ளைகளுக்கு முதலில் சோறு. நான் சாப்பிடும்போதே பெரியவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்றார்கள் சில பெண்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "வச்சா, புள்ளையப் புடிச்சு வச்சிருக்கான்னு போலீசு வரும். அது பெரிய வீட்டுக் காரியம். நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தரும் அந்த ஊருக்குள்ள கடவம் எறக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான், என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அய்யாவுக்குச் சூடு வைத்தது யார் என்று காட்டிக்கொடுத்துவிட்டேன், இனி அந்த வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று அழுதேன்.

"போவணும் மக்கா," என்றாள் அவள். "ஆனா தனியாப் போவண்டாம்."

மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேர் போனோம். அக்கா, நான், வடசேரிச் சந்தைக்குப் போகும் இரண்டு பெண்கள், பணிவிடைக்காரர். நான் அக்காவின் சேலை நுனியை விடவில்லை. முற்றத்து ஓரத்தில் எல்லாரும் நின்றார்கள். பெரியம்மா வெளியே வந்து இத்தனை பேரையும் பார்த்துப் புருவத்தை நெரித்தாள்.

"கருப்பட்டி கொண்டாந்திருக்கேம்மா. புள்ளையையும் கொண்டாந்திருக்கேன்" என்றாள் அக்கா. "கன்னத்துல இருக்க சூட்டை எங்க ஊரே பாத்துது."

"அவ அடுப்புல விழுந்தா" என்றாள் பெரியம்மா.

சண்டை வரும் என்று நான் நினைத்தேன். அக்கா குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை.

"ஆமாம்மா, அப்பிடித்தான் இருக்கும். சின்னப் புள்ளைல்லா, தடுக்கி விழத்தான் செய்யும். இனி விழாமப் பாத்துக்கிடுவோம். நாங்க நெதமும் இந்த வழியாத்தான போறோம்."

அது பொய். அவர்கள் சந்தைக்குப் போகும் வழி வேறு. எங்கள் ஊருக்குள் வந்து போனால் ஒரு மைல் சுற்று. அது அன்று எனக்கும் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து வர ஆரம்பித்தார்கள். அக்கா மட்டுமல்ல, ஒருநாள் நார்ப்பெட்டி விற்கிற ஒருத்தி, ஒருநாள் பனங்கிழங்குக் கட்டோடு அண்ணனும் தங்கையும், ஒருநாள் பணிவிடைக்காரர். முற்றத்து ஓரத்தில் சுமையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். "புள்ள ஊத்தட்டும்மா" என்பார்கள். நான் செம்போடு போவேன். கையைக் குவித்துக் குடிப்பார்கள், வாயைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அவசரமே இல்லாமல் இந்தக் கன்னம், அந்தக் கன்னம், கை, கால் எல்லாம் பார்ப்பார்கள். திரும்பி நில்லு மக்கா என்பார்கள், நிற்பேன். கடைசியில் நெஞ்சுக்கு நேரே கை கூப்பி, "அய்யா உண்டு" என்று சொல்லிவிட்டுச் சுமையைத் தூக்குவார்கள். ஒருவரை ஒருவர் கண்டாலும் விடைபெற்றாலும் அவர்கள் அப்படித்தான் சொல்வது வழக்கம். எனக்கு அது தெரியுமா?

நான் புரிந்துகொண்டது இதுதான். தாங்கலில் அவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்த முகம் என் முகம். அதே முகம் இங்கே, இந்த முற்றத்தில் இருக்கிறது. அதைக் கும்பிட அவர்கள் வருகிறார்கள். பனங்காட்டிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து, இவ்வளவு வெயிலில் நடந்து வருகிறார்கள். முதல் சில நாள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தேன். பிறகு நானே தயாராகிவிட்டேன். காலையில் முகம் கழுவி, தலையை நேரே வைத்து, அசையாமல் நிற்கப் பழகினேன். சாமி நெளியக் கூடாது அல்லவா?

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. "இங்க என்ன தண்ணிப் பந்தலா வச்சிருக்கு?" என்று கத்தினாள். கருப்பட்டியை நிறுத்தினாள், தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் சொல்லி நிறுத்த வைத்தாள். கருப்பட்டி இல்லாமலே அக்கா வந்தாள். ஒருநாள் பெரியம்மா என்னைத் தொழுவத்தில் அடைத்துவிட்டு, பிள்ளை வீட்டில் இல்லை என்றாள். "வரட்டும்மா, இருக்கோம்" என்று சொல்லி அந்த அண்ணனும் தங்கையும் பனங்கிழங்குக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். போகிற வருகிற எல்லாரும் என்ன ஏது என்று கேட்க, "இந்த வீட்டுப் புள்ளையப் பாக்க வந்தோம்" என்று பதில் சொன்னார்கள். உச்சி வெயிலில் பெரியம்மா தொழுவத்தைத் திறந்து என்னை வெளியே விட்டாள்.

அதன்பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தினமும் ஆள் வந்து பார்த்துப் போகிற பிள்ளையைப் பட்டினி முகத்தோடு நிறுத்த முடியுமா? எனக்குச் சூடான சோறு கிடைத்தது. தலைக்கு எண்ணெய் கிடைத்தது. கிழியாத பாவாடை ஒன்று பெட்டியிலிருந்து வந்தது. கிள்ளல் நின்றது, தொடையில்கூட. பெரியம்மாவுக்கு என்மேல் பிரியம் வந்துவிடவில்லை. ஆனால் அவள் கை ஓங்கும், கண் வாசலைப் பார்க்கும், பிறகு அந்தக் கை தன் தலையைக் கோதிக்கொள்ளும். இதையெல்லாம் என் மகிமை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

தெருவில் பேச்சு கிளம்பியது. வீட்டில் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் பனங்காட்டு ஆட்கள் ஏன் இப்படித் தினமும் வருகிறார்கள் என்று வயலிலேயே பெரியப்பாவிடம் கேட்டுவிட்டார்கள். அவருக்கு அதற்குமேல் ஓடிப்போக இடமில்லை. தன் தம்பிக்குக் கடிதம் போட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. உண்மையை எழுதியிருக்க மாட்டார், வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் எழுதியிருப்பார்.

அப்பா ஒரு முற்பகலில் வந்தார். மலைக்குளிர் போர்வையைத் தோளில் போட்டபடி, அந்த வெயிலில், வியர்த்து விறுவிறுத்து. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கன்னத்தைத் தொட வந்த விரல் தொடாமல் நின்றது.

"அடுப்புல விழுந்தியாமே மக்கா?"

பெரியம்மா பின்னாலேயே நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயம் ஒரு பக்கம் இருக்க, சொல் தானாக வந்தது. "விழல்லப்பா. பெரியம்ம வச்சா. என் கன்னத்துல" என்றேன். அய்யாவின் கன்னம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த மூன்று வாரத்தில் அந்த முகத்துக்கு நான் நன்றாகவே பழகியிருந்தேன்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். பெரியப்பாவின் கை துண்டைத் தேடியது, துண்டு தோளில் இல்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா உள்ளே போய் என் துணிகளை ஒரு பழைய வேட்டியில் வைத்து மூட்டையாகக் கட்டினார். எவ்வளவு கட்டியும் முடிச்சு விழவே இல்லை. நான்தான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் முற்றத்துக்கு வரவும் அக்கா கடவத்தோடு வரவும் சரியாக இருந்தது. வழக்கம்போல நான் போய் முன்னால் நின்றேன், தலையை நேரே வைத்து, அசையாமல். இவர்கள் தினமும் என்னைக் கும்பிட வருகிறார்கள் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா அவளைப் பார்த்தார். அவள் என் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். இரண்டு கையையும் புரட்டினாள்.

"புதுசா ஒண்ணும் இல்ல அய்யா" என்று அப்பாவிடம் சொன்னாள். "இருக்கது பழசுதான். நெதமும் பாத்துட்டுத்தான் போறோம்."

அப்பா மூட்டையைத் தரையில் வைத்தார். முற்றத்து ஓரம் வரை நடந்து போய், அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, தலையைக் குனிந்து அவளைப் பார்த்துக் கை கூப்பினார். நெடுநேரம் அப்படியே நின்றார், தோள் மட்டும் குலுங்கியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலையிலேயே இருந்துவிட்டு வந்தவருக்கு விவரம் போதாது என்று நினைத்தேன். கும்பிட வேண்டிய ஆள் நான் இங்கே நிற்கும்போது, அப்பா எதற்காக அவளைப் போய்க் கும்பிடுகிறார்?